எட்டு மணி ஷிஃப்டுக்கு ஏழு மணி சைக்கிள்

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குக் காலையில் ஒருவர் எதில் வந்து இறங்குகிறார் என்பதைப் பார்த்தாலே, அவர் என்ன வேலை செய்கிறார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் ஏசி வேனில் வருகிறார்கள். சூப்பர்வைசர்களும் மெஷின் ஆபரேட்டர்களும் பைக்கில் வருகிறார்கள். லேத் பட்டறை ஹெல்பர், கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர், செக்யூரிட்டி, லோடுமேன், பேக்கிங்கில் நிற்கும் ஐம்பது வயதைத் தாண்டிய தொழிலாளி... இவர்களெல்லாம் சைக்கிளில் வருகிறார்கள். ஹேண்டில் பாரில் சாப்பாட்டுப் பை, கேரியரில் மடித்த யூனிஃபார்ம். பேன்ட்டில் வலது கால் மட்டும் மேலே சுருட்டி விடப்பட்டிருக்கும். செயின் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது.

நானும் இந்த வழியாகச் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். சைக்கிளைப் பற்றி இப்போது பத்திரிகைகளில் வருவதெல்லாம் உடம்புக்கு நல்லது, சுற்றுச்சூழலுக்கு நல்லது, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டமாகப் போகலாம் என்கிற ரீதியில்தான் இருக்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் வாரத்தில் ஆறு நாளும் வேறு வழியில்லாமல் சைக்கிள் மிதிக்கிற ஒருவருக்கு வழியில் என்னென்ன நேர்கிறது, நேர்ந்தால் அதற்கு யார் பொறுப்பு என்பதை யாரும் எழுதுவதில்லை. வீட்டு வாசலிலிருந்து கம்பெனி கேட் வரைக்குமான அந்த ஒரு மணி நேரமும் அவருடைய உழைப்பில் சேர்த்திதான் என்பது என் கட்சி. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அம்பத்தூருக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு பழையது. முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் இங்கேதான் வேரூன்றியது. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் இந்த ஊரிலிருந்து நாடு முழுக்கப் போயின. தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. பாடியில் மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலைகள், உள்ளே நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள் என்று வேலை பெருகப் பெருக, ஆவடி, திருமுல்லைவாயில், கள்ளிக்குப்பம், கொரட்டூர் எல்லாம் தொழிலாளர் குடியிருப்புகளாயின. அந்த வீடுகளையும் இந்த வேலையையும் பல வருஷம் சேர்த்துவைத்தது சைக்கிள்தான்.

இன்று எத்தனை பேர் அப்படி வருகிறார்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத வேலைகளுக்குப் போகிறவர்களில் நூற்றுக்கு 13 பேர் சைக்கிளில் போவதாகத் தெரிந்தது. பைக், ஸ்கூட்டர், மொபெட் மூன்றையும் கூட்டினாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். 2021-ல் வரவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதால் புதிய எண்ணிக்கை கையில் இல்லை. பைக் நிறையப் பெருகிவிட்டது என்பது கண்ணுக்கே தெரிகிறது. ஆனாலும் சைக்கிள் ஒழிந்துவிடவில்லை. 2020-ல் ஊரடங்கு வந்து, மார்ச் கடைசியில் நின்ற மாநகர பஸ் செப்டம்பர் 1-ம் தேதிதான் மறுபடி ஓடியது. இடைப்பட்ட காலத்தில் கம்பெனிகள் திறந்ததும் பரணில் கிடந்த சைக்கிள்களெல்லாம் இறங்கி வந்ததை இந்தப் பகுதியில் எல்லோரும் பார்த்தோம்.

இன்னொரு சைக்கிளும் வேலைக்கு வருகிறது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு சைக்கிள். 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம் அது. பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது. பிள்ளை பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரிக்கு பஸ்ஸில் போக ஆரம்பித்ததும் அந்தச் சைக்கிளை அப்பா எடுத்துக்கொள்கிறார். கேட்டில் காவல் நிற்கும் பெரியவர்களின் சைக்கிளில் அரசு முத்திரை ஒட்டியிருப்பதைக் கவனித்துப் பாருங்கள்.

ஒன்றரை அடி ஓரம்

சாலையில் சைக்கிள்காரருக்குக் கிடைப்பது இடது ஓரத்தில் ஒன்றரை அடி. சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். ரோட்டில் அந்த ஒன்றரை அடியில்தான் ஊரின் மணல் எல்லாம் ஒதுங்குகிறது. உடைந்த கண்ணாடி, லாரியிலிருந்து விழுந்த போல்ட், இளநீர் மட்டை, மழைநீர் வடிகாலின் மூடி, குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளம், எல்லாம் அங்கேதான். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போடுவதால் சாலையின் விளிம்பு ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று அங்குலம் உயர்கிறது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது என்று ஓரத்தில் இறங்கினால், அந்த விளிம்பு முன் சக்கரத்தைத் தட்டிவிடும். மறுபடி மேலே ஏறும்போது விழுகிறவர்கள்தான் அதிகம். சக்கரம் விளிம்போடு சாய்வாக உரசினால் ஏறாது, வழுக்கும். நேராகத் திருப்பி ஏற்றப் பின்னால் வண்டி வராத நேரமாக இருக்க வேண்டும்.

வடிகால் சல்லடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரும்புக் கம்பிகளைச் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் வைத்த சல்லடைகள் இன்னும் பல இடங்களில் இருக்கின்றன. பைக் டயர் அவற்றின் மேல் ஓடிவிடும். நாலு சென்டிமீட்டர் அகலம்கூட இல்லாத சைக்கிள் டயர் இரண்டு கம்பிக்கு நடுவே நேராக இறங்கும். சக்கரம் நின்றுவிடும், ஓட்டுகிறவர் ஹேண்டிலைத் தாண்டிப் போய் விழுவார். இதைச் சரிசெய்யப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். சல்லடையைக் குறுக்காகத் திருப்பி வைத்தால் போதும்.

பிறகு பஸ். நிறுத்தத்துக்கு முன்னால் சைக்கிளை முந்தி, உடனே இடப்பக்கம் வாங்கும். ஓட்டுநருக்கு நேரக் கணக்கு, நமக்கு உயிர்க் கணக்கு. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஷேர் ஆட்டோக்கள் கைகாட்டிய இடத்தில் நிற்கும். இவற்றுக்கெல்லாம் சைக்கிள்காரர்கள் பழகிவிடுகிறார்கள். பஸ் நிறுத்தம் தெரிந்ததுமே மிதிப்பதை விட்டுவிடுவார்கள்.

பழகவே முடியாதது கார்க் கதவு. பாடி அருகே நின்றிருந்த ஒரு காரின் பின் கதவு சில ஆண்டுகளுக்கு முன் என் முன்னால் திறந்தது. சாதாரணமாகச் சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அதாவது ஒரு விநாடிக்கு நாலு மீட்டருக்கு மேல். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் பிரேக்கைப் பிடிக்கவே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். இரண்டு மீட்டர் தூரத்தில் திறக்கிற கதவுக்கு எந்தச் சாமர்த்தியமும் உதவாது. தோளில் அடியோடு நான் பிழைத்தேன், சாப்பாட்டுப் பை சாலையில் சிதறியது. காரிலிருந்து இறங்கியவர் முதலில் பார்த்தது கதவில் கீறல் விழுந்ததா என்று. எதிரே வந்த ஒரு கட்டட வேலைக்காரர்தான் தன் சைக்கிளை நிறுத்திவிட்டு என் சைக்கிளைத் தூக்கினார், முன் சக்கரத்தைத் தன் முழங்கால்களுக்கு நடுவே பிடித்து ஹேண்டிலை நேராக்கித் தந்துவிட்டுப் போனார். காரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இடப்பக்கக் கதவை வலக்கையால் திறங்கள், வலப்பக்கக் கதவை இடக்கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் பார்க்கும்.

மழையில் பிரேக் பிடிக்காது

ஐப்பசி, கார்த்திகையில் சைக்கிள்காரர்களின் பயம் வேறு. நம் ஊரில் உழைப்பாளிகள் ஓட்டும் 28 அங்குலக் கறுப்புச் சைக்கிளில் இருப்பது கம்பி பிரேக். ஹேண்டிலைப் பிடித்தால் கம்பி இழுத்து, ரப்பர் பிரேக் கட்டை ரிம்மை அழுத்தும். ரிம் முலாம் பூசிய இரும்பு. வழவழப்பானது. அதில் தண்ணீர் பட்டால் ரப்பர் பிடிக்காது, வழுக்கிக்கொண்டே போகும். காய்ந்த சாலையில் நிற்கும் தூரத்தைப் போல மழையில் பல மடங்கு தூரம் வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் மழையில் நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு ரிம்மில் உள்ள தண்ணீரை வழித்துவிடுவார்கள். மேம்பாலத்து இறக்கத்தில் ஒரு காலைத் தரையில் உரசிக்கொண்டே இறங்குகிறவர்களைப் பார்த்து வேகமாகப் போகிறவர்கள் எரிச்சல்படுகிறார்கள். அவருக்கு இருக்கிற மூன்றாவது பிரேக் அந்தச் செருப்புதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிப் போனவர்களுக்கு அந்த வாரத்தோடு தொல்லை தீரவில்லை. பெடல் அச்சு இருக்கும் கூட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் கிரீஸ் போய்விடும். உள்ளே இருக்கும் பால்ரஸ் குண்டுகள் துருப்பிடிக்கும். பத்து நாள் கழித்து மிதிக்கும்போது கடகடவென்று சத்தம் வரும். பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, குண்டு மாற்றி, புது கிரீஸ் வைக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு மிதியும் பாரமாக இருக்கும். மிதிக்கும் தூரமோ அதே தூரம், உழைப்பு ஒன்றரை பங்கு.

இதைச் செய்து தரும் கைகள் குறைந்துவிட்டன என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. முன்பெல்லாம் தெருவுக்கொரு சைக்கிள் கடை. மரத்தடியில் தண்ணீர்ச் சட்டி, அதில் முக்கினால் குமிழி விடும் டியூப், அரத்தால் தேய்த்துச் சொல்யூஷன் தடவி ஒட்டு, மாலையில் கோட்டம் எடுப்பதற்காகத் தொங்கும் சக்கரங்கள். வாடகைச் சைக்கிள் போனது, கூடவே கடையும் போனது. இப்போது தெருமுனையில் இருப்பது பைக் பஞ்சர் கடை. அங்கே சைக்கிளைக் கொண்டுபோனால், "நாங்க சைக்கிள் பாக்கறதில்ல தம்பி" என்பார்கள். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம். ஆனால் அந்தக் குழாயின் வாய் கார், பைக் வால்வுக்குத்தான் பொருந்தும். நம் சைக்கிளில் இருப்பது வேறு வகை வால்வு, உள்ளே வால் டியூப் என்கிற சின்ன ரப்பர் குழாய் மாட்டியது. ஒரு லிட்டர் பெட்ரோல் போட வசதியில்லாதவருக்குப் பங்கில் கிடைக்கும் ஒரே இலவசமும் பயன்படுவதில்லை.

அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் சட்டைப் பையில் பீடிக்கட்டோடு இரண்டு வால் டியூபும் வைத்திருக்கிறார்கள். காலையில் காற்று இறங்கி நிற்கிற ஒருவரைப் பார்த்தால் கேட்காமலே நிறுத்துவார்கள்.

"என்ன தம்பி, பஞ்சரா?"

"தெரியல அண்ணே. நேத்து ராத்திரிதான் காத்து அடிச்சேன்."

"எச்சி வச்சிப் பாரு. வால்வுல குமிழி வருதா? வருதுல்ல, அப்ப டியூபுல ஒண்ணுமில்ல. இந்தா, இத மாட்டு."

இந்த உதவிக்குக் காசு வாங்கி நான் பார்த்ததில்லை.

சேலை, நாய், ஸ்டாண்டு

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததும், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றதும், கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் கிராமத்துச் செவிலியர்களும் சைக்கிளேறி வேலைக்குப் போனதும் நம் மாநிலத்தின் பெருமையான வரலாறு. பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். சென்னையில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பலர் இன்றும் சைக்கிளில் போகிறார்கள். அவர்களுக்கு ஆபத்து சேலை முந்தானையும் துப்பட்டாவும். பின் சக்கரத்தில் வலையும் செயினுக்கு முழுக் கவரும் இல்லாத சைக்கிளில் ஒரு முனை சிக்கினால், கழுத்தில் சுற்றிய துணி ஒரே சுற்றில் இறுகும். வேகம் குறைவென்பதால் தப்பித்தவர்களே அதிகம், தப்பாதவர்களும் உண்டு. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்வதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபிறகு தொலைவில் வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்கு மாறியிருக்கிறார்கள். விடியற்காலை நாலரை மணிக்கு வாசல் தெளிக்கப் போகிறவருக்கு அந்த நேரத்தில் பஸ் இல்லை. அவர் இன்னும் மிதிக்கிறார்.

இரவு பத்து மணிக்கு இரண்டாம் ஷிஃப்ட் விடும். அப்போது தெருநாய்கள். நகரும் காலைத்தான் நாய் துரத்துகிறது. வேகமாக மிதித்துத் தப்பப் பார்ப்பவர் விழுகிறார். இறங்கி, நாய்க்கும் நமக்கும் நடுவே சைக்கிள் இருக்கும்படி தள்ளிக்கொண்டு நடப்பதே சரி. கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி அங்கே இலவசம். வெளிச்சம் இன்னொரு பிரச்சினை. டைனமோ விளக்கு மறைந்துவிட்டது, அதற்குப் பதில் எதுவும் வரவில்லை. பின் மட்கார்டில் சிவப்புப் பிரதிபலிப்பான் ஒன்று ஒட்டினாலே லாரி ஓட்டுநருக்குத் தூரத்திலேயே தெரியும். செலவு ஒரு டீ, வடைக்கு ஆவதுதான்.

இத்தனையும் கடந்து கம்பெனி வாசலுக்கு வந்தால் சைக்கிள் நிறுத்த இடமில்லை. பைக் பார்க்கிங் கூரையோடு இருக்கும். சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வரச் சொல்வார்கள். நான் போன பெரிய அலுவலகக் கட்டடங்கள் சிலவற்றில் முன் கேட் வழியாகச் சைக்கிளை விடவே மாட்டேன் என்றார்கள். அதைச் சொன்ன செக்யூரிட்டியின் சைக்கிள் பின்பக்கம் குப்பைத் தொட்டி அருகே நின்றது. வெயிலில் நின்று சீட் வெடிக்கிறது, டயர் காய்கிறது. காணாமல் போனால் ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய பள்ளம் விழுகிறது.

வழியில் விழுந்தால்

இனி நான் முதலில் சொன்ன சட்டத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

வேலைக்கு வரும் வழியில் விழுந்து கை ஒடிந்த தொழிலாளி பொதுவாக என்ன செய்கிறார்? தன் தலையெழுத்து என்று கட்டுப் போட்டுக்கொண்டு ஒன்றரை மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கிறார். வட்டிக்குக் கடன் வாங்குகிறார். கம்பெனிக்குள் நடந்தால்தானே கம்பெனி பார்க்கும் என்று நினைக்கிறார். அது சரியல்ல. 2010-ல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) சட்டத்தில் 51-இ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ, வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ நேரும் விபத்து, அதன் நேரமும் இடமும் சூழலும் வேலையோடு தொடர்புள்ளதாக இருந்தால், வேலையில் ஏற்பட்ட காயமாகவே கருதப்படும் என்றது அது. பைக்கா, பஸ்ஸா, சைக்கிளா என்று அது பிரிக்கவில்லை. அப்படிக் கருதப்பட்டால், வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். சேர்ந்து இத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. உயிர் போனால் குடும்பத்துக்கு மாத உதவி உண்டு. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மகாராஷ்டிராவில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003-ல் வேலைக்குப் போகும் வழியில் விபத்தில் இறந்த வழக்கு அது. இ.எஸ்.ஐ. இல்லாத இடங்களில் அப்போது பொருந்திய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இதே பொருள்தான் என்று தீர்ப்பானது.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் கதவு அடைபடவில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசுத் திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமில்லை. இதெல்லாம் இருக்கிறது என்பது, நான் பேசிய சைக்கிள்காரர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை.

சாலைக்கும் கொள்கை உண்டு. சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கையை ஏற்றது, நாட்டிலேயே முன்னோடியாக. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்றது. 2011-லேயே அம்பத்தூர் மாநகராட்சியோடு இணைந்துவிட்டது, ஆகவே அந்தக் கொள்கை இங்கும் பொருந்தும். 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தபோது மகிழ்ந்தேன். ஆனால் பாண்டி பஜாருக்கு மக்கள் போவது துணி வாங்க. எட்டு மணி ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்களின் சாலையில், நான் தினம் போகும் வழியில், சைக்கிளுக்கென்று ஒரு கோடுகூடப் போடப்படவில்லை. பண்டிகைக்குச் சட்டை எடுத்துவிட்டு அன்றாடத்துக்குக் கந்தலோடு விடுவது போலத்தான் இது. செலவைத் தொழிற்பேட்டைச் சாலையிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

தொழிற்பேட்டை நிர்வாகங்களிடம் கேட்பது மூன்றுதான். சைக்கிளுக்குக் கூரை போட்ட ஸ்டாண்டு. கேட்டருகே ஒரு காற்றுப் பம்பும் பஞ்சர் பெட்டியும். வழியில் விழுந்தவரின் விபத்து அறிக்கையைத் தயங்காமல் இ.எஸ்.ஐ.க்கு அனுப்பும் மனசு. மாநகராட்சியிடம் கேட்பது இரண்டு: வடிகால் சல்லடைகளைக் குறுக்காகத் திருப்புங்கள், தார் போடுமுன் பழையதைச் சுரண்டி எடுங்கள்.

படிக்கிற உங்களிடம் ஒன்று. உங்கள் அலுவலகத்துக்கோ அடுக்குமாடிக்கோ சைக்கிளில் வருகிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாகவும் அவருடைய சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ளாகவும் இருந்து கார்டு இல்லையென்றால், அவருக்காக நிர்வாகத்திடம் நீங்கள் பேசுங்கள். கார்டு இருந்தால், வழியில் விழுந்தாலும் அது செல்லும் என்று அவருக்குச் சொல்லுங்கள்.